சங்கத்தின் பெயரில் 1.1 கோடி டாலர்: வாஷிங்டன் மாநில வாக்கெடுப்பு நிதி வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2013 இலையுதிர் காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், மரபணு மாற்றப்பட்ட உணவில் அதை லேபிளில் எழுத வேண்டும் என்று வாக்கெடுப்புக்கு வந்த ஒரு முன்மொழிவுக்கு எதிராகப் பெரிய அளவில் விளம்பரம் நடந்தது. பணம் கொடுத்தவர் பட்டியலில் முதலில் இருந்தது ஓர் உணவுத் தயாரிப்பாளர் சங்கம். அந்தப் பெயர் உண்மையானது. சங்கமும் போலியானதல்ல, நூறாண்டு பழமை உடையது. பணத்தை அதுதான் கொடுத்தது, கணக்கிலும் காட்டப்பட்டது. ஆனாலும் அதே மாநிலத்தின் நீதிமன்றம் பிறகு இதை நிதி மறைப்பு என்று தீர்ப்பளித்து 1.8 கோடி டாலர் தண்டம் விதித்தது. உண்மையான பெயரைப் போட்டும் எப்படி மறைக்க முடிந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தனி நபர்களை அவரவர் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்

இது தலைநகர் வாஷிங்டன் அல்ல. சியாட்டில் நகரம் இருக்கும் வடமேற்கு மாநிலம். அங்கே சட்டமன்றம் இயற்றாத சட்டத்தைக் குடிமக்களே எழுதி, கையெழுத்துத் திரட்டி, வாக்குச்சீட்டில் ஏற்றலாம். பெரும்பான்மை கிடைத்தால் அது சட்டம்.

வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு அமெரிக்காவில் உச்சவரம்பு வைக்கலாம். வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு வைக்க முடியாது. இப்படிப்பட்ட வாக்கெடுப்புகளில் நிறுவனங்கள் செலவழிப்பதைத் தடை செய்யக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. 1981-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வழக்கில் நன்கொடை உச்சவரம்பும் செல்லாது என்றது. அதன் தர்க்கம் சுருக்கமாக இது: வேட்பாளரைப் பணத்தால் கைக்குள் போட்டுக்கொள்ளலாம், ஒரு சட்ட வாசகத்தை அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது.

ஆகவே மாநிலங்களின் கையில் மிஞ்சியது ஒன்றுதான்: யார் பணம் கொடுக்கிறார்கள் என்று சொல்ல வைப்பது. வாக்கெடுப்பில் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. வேட்பாளர் என்றால் ஆளைத் தெரியும், கட்சி தெரியும், பழைய வரலாறு தெரியும். வாக்கெடுப்பில் இருப்பது பல பக்கம் நீளும் சட்ட வாசகம். அதை வரி வரியாகப் படிப்பவர்கள் குறைவு. எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தே பலர் முடிவெடுக்கிறார்கள். அதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை, நியாயமான குறுக்குவழிதான்.

வாஷிங்டன் மாநிலத்தின் வெளிப்படைச் சட்டமும் மக்கள் வாக்கெடுப்பில் பிறந்ததுதான். 1972-இல் முன்மொழிவு 276 என்ற பெயரில் அது பெரும்பான்மையோடு நிறைவேறியது. இந்த வழக்குக்கு அதில் மூன்று விதிகள் முக்கியம். தேர்தல் நோக்கத்துக்காகப் பணம் திரட்டும் எந்த அமைப்பும் அரசியல் குழுவாகப் பதிவு செய்து, கொடுத்தவர்களின் பெயரோடு கணக்குக் காட்ட வேண்டும். ஒருவர் பணத்தை வேறொருவர் வழியாகக் கொடுத்து மூலத்தை மறைக்கக் கூடாது. நம் வழக்கில் சொன்னால், பினாமி கூடாது. வாக்கெடுப்பு விளம்பரத்தில் முதல் ஐந்து பெரிய கொடையாளர்களின் பெயரை அந்த விளம்பரத்திலேயே காட்ட வேண்டும்.

2012: கலிபோர்னியாவில் பட்ட சூடு

கதை அதே மேற்குக் கரையின் இன்னொரு மாநிலத்திலிருந்து தொடங்குகிறது. மரபணு மாற்றப்பட்ட உணவுப் பொருளில் அதை லேபிளில் எழுத வேண்டும் என்ற முன்மொழிவு 37 கலிபோர்னியாவில் 2012 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்தரப்பு சுமார் 4.6 கோடி டாலர் செலவழித்தது. பெப்சிகோ, கோகோ கோலா, நெஸ்லே ஆகியவை ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் சொந்தப் பெயரிலேயே கொடுத்தன. முன்மொழிவு தோற்றது, எதிர்த்தவர்கள் 51 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள்.

வெற்றிக்குப் பிறகுதான் நிறுவனங்களுக்குத் தலைவலி தொடங்கியது. கொடையாளர் பட்டியல் பொதுவில் இருந்ததால், இயற்கை உணவு வாங்குபவர்கள் தாங்கள் விரும்பிக் குடிக்கும் 'ஹானஸ்ட் டீ'க்குப் பின்னால் கோகோ கோலாவும், 'நேக்கட்' பழச்சாறுக்குப் பின்னால் பெப்சிகோவும் இருப்பதைக் கண்டார்கள். புறக்கணிப்பு அழைப்புகள் கிளம்பின. லேபிள் வேண்டும் என்று கேட்பவரும், அதைத் தடுக்கப் பணம் கொடுத்த நிறுவனத்தின் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பவரும் ஒரே ஆள் என்பது அந்த நிறுவனங்களுக்கு உண்மையிலேயே சங்கடமான நிலை.

அதே நேரத்தில் வாஷிங்டனில் அடுத்த முன்மொழிவு தயாராகிக்கொண்டிருந்தது. முன்மொழிவு 522: 2015 ஜூலை முதல் மரபணு மாற்ற உணவுக்கு லேபிள் கட்டாயம். சுமார் 3.5 லட்சம் கையெழுத்துகள் 2013 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டன.

2013 தொடக்கம்: தனிக் கணக்கு என்ற முடிவு

நாட்டின் பெரிய உணவு, பான நிறுவனங்கள் உறுப்பினராக இருந்த கிராசரி மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன் (தொடக்கத்தில் சொன்ன சங்கம் இதுதான்) கலிபோர்னியா அனுபவத்தை இயக்குநர் குழுவில் ஆராய்ந்தது. அங்கே எடுத்த முடிவுதான் இந்த வழக்கின் மையம்.

உறுப்பினர்களின் வழக்கமான சந்தாவோடு சேராமல், 'பிராண்டுப் பாதுகாப்பு' என்று பொருள்படும் பெயரில் ஒரு தனிக் கணக்கு தொடங்குவது. அதற்கு நிறுவனங்களுக்குத் தனி இன்வாய்ஸ் அனுப்புவது. மாநிலங்களில் லேபிள் முன்மொழிவுகளை எதிர்க்கும் செலவை அதிலிருந்து சங்கத்தின் பெயரில் செய்வது. தலைமை நிர்வாகி இயக்குநர் குழுவுக்கு 2013 பிப்ரவரியில் அனுப்பிய குறிப்பில் இதன் பயன் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது: செலவு சங்கத்துடையதாக அடையாளம் காணப்படும், தனித்தனி நிறுவனங்கள் வெளியே தெரியமாட்டா, விமர்சனத்துக்கும் ஆளாகமாட்டா. பிப்ரவரி முடிவதற்குள் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. 34 நிறுவனங்கள் பணம் போட்டன.

இந்த முடிவை எடுத்தவர்கள் திருட்டுத்தனமாக ஒரு மூலையில் கூடிப் பேசவில்லை. ஒழுங்கான கூட்டம், நிகழ்ச்சிநிரல், குறிப்பு, தீர்மானம் எல்லாம் உண்டு. உறுப்பினர் சங்கம் உறுப்பினர்களின் சார்பாகப் பேசுவது இயல்பு, அதற்குத்தானே சங்கம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கும். அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. பொதுச் சந்தாவிலிருந்து சங்கம் தன் முடிவின்படி கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தனியாக வசூலித்து, பெயர் தெரியாமலிருக்கவே இந்த ஏற்பாடு என்று எழுதியும் வைத்ததுதான் அவர்களை மாட்ட வைத்தது.

செப்டம்பர் 2013: வெளியே தெரிந்தவை

கோடையில் ஆதரவு பலமாகத்தான் இருந்தது. 2013 மே மாதம் பக்கத்திலுள்ள ஆரெகன் மாநிலத்தில் ஒரு வயலில் அனுமதி பெறாத மரபணு மாற்றக் கோதுமை கண்டுபிடிக்கப்பட்டு, ஜப்பான் அந்தப் பகுதியின் வெள்ளைக் கோதுமையை வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தது. கோதுமை ஏற்றுமதி செய்யும் மாநிலத்தில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரில் எல்வே நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 66 சதவீதம் ஆதரவு, 21 சதவீதம் எதிர்ப்பு.

பிறகு விளம்பரங்கள் தொடங்கின. எதிர்ப்புப் பிரசாரம் கடைசியில் திரட்டியது சுமார் 2.2 கோடி டாலர். அந்த மாநிலத்தில் ஒரு முன்மொழிவை எதிர்க்க அதுவரை யாரும் திரட்டாத தொகை. மாநிலத்துக்குள்ளிருந்து வந்தது பேருக்குத்தான். சங்கத்தின் 1.1 கோடிக்கு அடுத்து மான்சான்டோ, டூபான்ட் போன்ற விதை, வேளாண் வேதிப்பொருள் நிறுவனங்கள் சொந்தப் பெயரிலேயே கொடுத்திருந்தன. அவற்றுக்கு மறைக்க ஏதும் இல்லை. மான்சான்டோவின் பெயரைப் பார்த்துக் கடையில் ஒரு பாட்டிலைத் திரும்ப வைக்கப்போகிறவர் யார்? மறைய வேண்டிய தேவை வீட்டு அலமாரியில் பெயர் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்தது.

அதாவது பட்டியலைப் பார்த்த வாக்காளருக்கு ஒரு சங்கம், சில விதை நிறுவனங்கள் என்று தெரிந்தது. காலையில் தான் சாப்பிட்ட சீரியலும், மதியம் குடித்த சோடாவும் அந்தச் சங்கத்தின் பெயருக்குள் ஒளிந்திருப்பது தெரியவில்லை.

அக்டோபர்: யார் கதவைத் தட்டினார்கள்

முதலில் நீதிமன்றத்துக்குப் போனது லேபிளை ஆதரித்த ஒரு தாய்மார் குழு. சங்கம் அரசியல் குழுவாகப் பதிவு செய்யாமல் பணத்தை மறைக்கிறது என்பதே அவர்கள் புகார். ஆனால் குடிமக்கள் இப்படி வழக்குப் போட வேண்டுமானால் முதலில் அரசு அதிகாரிகளுக்கு முன்னறிவிப்பு கொடுத்து, சட்டம் சொல்லும் காலம் காத்திருக்க வேண்டும். அந்த நடைமுறை முழுமையாகவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. புகாரின் உள்ளடக்கத்தில் அவர்கள் சொன்னது சரி என்று பின்னால் தெரிந்தது. வாக்கெடுப்பு ஒரு மாதத் தொலைவில் இருக்கும்போது வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் விதி எந்தக் குடிமகனுக்கும் உதவாது என்பது இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத பக்கம்.

பிறகு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் வழக்கைக் கையில் எடுத்தார். அந்த மாநிலத்தில் அது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி, ஆளுநர் நியமிப்பதல்ல. அக்டோபர் 16 அன்று தர்ஸ்டன் மாவட்ட விசாரணை நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. அப்போது குற்றச்சாட்டில் இருந்த தொகை 72 லட்சம் டாலர். மிச்சம் அதன்பிறகு சேர்ந்தது.

இரண்டே நாளில், அக்டோபர் 18-இல், சங்கம் அரசியல் குழுவாகப் பதிவு செய்து பெயர்களை வெளியிட்டது. பெப்சிகோ 16 லட்சம் டாலர், நெஸ்லேயும் கோகோ கோலாவும் தலைக்குப் பத்து லட்சத்துக்கு மேல், தொடர்ந்து மற்றவை. தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை, சச்சரவைத் தவிர்க்கவே செய்கிறோம் என்ற தொனியில்தான் செய்தது.

இங்கே நாள்காட்டியைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை, வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். தேர்தலுக்கு 18 நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. தேர்தல் நாள் நவம்பர் 5. எண்ணிப் பார்த்தால் அந்தப் பதினெட்டாவது நாள் அக்டோபர் 18-தான். கொடையாளர்களின் பெயரும் வாக்குச்சீட்டும் ஒரே நாளில் வெளியே வந்தன. அதற்குள் விளம்பரம் பல வாரம் ஓடி முடிந்திருந்தது. அதே எல்வேயின் அக்டோபர் கணிப்பில் ஆதரவு 46-க்கு இறங்கி, எதிர்ப்பு 42-க்கு ஏறியிருந்தது.

முன்மொழிவு தோற்றது. எதிர்ப்பு 51.1 சதவீதம், ஆதரவு 48.9, வித்தியாசம் சுமார் 38,000 வாக்கு. பெயர்கள் முன்பே தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? கலிபோர்னியாவில் பெயர்கள் தெரிந்தும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் முன்மொழிவு தோற்றது. எனவே தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளம்பரத்தின் பலம், லேபிளால் விலை ஏறும் என்ற பயம், வாசகத்தில் இருந்த விதிவிலக்குகள் எல்லாம் வேலை செய்தன. ஆனால் வெளிப்படைச் சட்டம் முடிவைக் காப்பதற்கு வந்ததல்ல. வாக்காளர் முடிவெடுக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கவலை.

2014 முதல் 2022 வரை: நீதிமன்றத்தில்

சங்கம் 2014 ஜனவரியில் எதிர்த்து வழக்குப் போட்டது. இந்தச் சட்டத்தைத் தன்மீது ஏவுவது பேச்சுரிமைக்கும் ஒன்றுகூடும் உரிமைக்கும் எதிரானது என்றது. பணம் கொடுத்தது சங்கம்தான், அதன் பெயர் கணக்கில் இருக்கிறது, எனவே மறைப்பு எங்கே என்பது அதன் அடிப்படை வாதம்.

2016 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் சட்டமீறல் நடந்தது என்று தீர்மானித்தது. வேண்டுமென்றே செய்தார்களா, எவ்வளவு தண்டம் என்பதற்கு ஆகஸ்ட்டில் தனி விசாரணை. இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகளும் பிப்ரவரிக் குறிப்பும் அங்கேதான் கனத்தன. சட்டப்படிதான் நடக்கிறோம் என்று நம்பினோம் என்ற சங்க நிர்வாகிகளின் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று நீதிபதி கண்டார். 2016 நவம்பரில் தீர்ப்பு: 60 லட்சம் டாலர் தண்டம், வேண்டுமென்றே செய்ததால் மும்மடங்காக 1.8 கோடி. அமெரிக்க வரலாற்றில் தேர்தல் நிதி மீறலுக்கு விதிக்கப்பட்ட மிகப் பெரிய தண்டம் இதுவே என்று அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அறிவித்தது.

மேல்முறையீட்டில் வாதம் 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறியிருக்க வேண்டுமா, அல்லது மீறலாக அமைந்த செயலைத் தெரிந்தே செய்திருந்தால் போதுமா? 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாவதை ஏற்று, மும்மடங்கை நீக்கி 60 லட்சமாகக் குறைத்தது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டாவதை ஏற்று மும்மடங்குக்குத் திரும்ப வழி திறந்தது. மிஞ்சியது, தண்டம் அரசியலமைப்பு தடுக்கும் அளவுக்கு மிகையா என்பது. 2022-இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மிகையல்ல என்று முடித்தது. மறைத்த தொகையே 1.1 கோடி, மாநிலத்தின் வாக்காளர் அனைவரும் பாதிக்கப்பட்டார்கள் என்பது பெரும்பான்மையினரின் பார்வை. நான்கு நீதிபதிகள் மிகை என்றே கருதினார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே பெயர்கள் வெளிவந்துவிட்டன என்பதை வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கத்தையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

சங்கத்துக்கு என்ன ஆனது

வழக்கு நடக்கும்போதே சங்கம் உள்ளுக்குள் தளர்ந்தது. 2017, 2018-இல் கேம்ப்பெல் சூப், நெஸ்லே, யூனிலீவர், மார்ஸ் என்று பெரிய உறுப்பினர்கள் வெளியேறினார்கள். அதற்கு இந்த வழக்கு மட்டும் காரணமல்ல. லேபிள் விஷயத்தில் சங்கத்தின் நிலைப்பாட்டிலிருந்து சிலர் ஏற்கனவே விலகியிருந்தார்கள். 2020-இல் சங்கம் தன் பெயரையே மாற்றிக்கொண்டு கன்ஸ்யூமர் பிராண்ட்ஸ் அசோசியேஷன் ஆனது.

எதைத் தடுக்க இவ்வளவும் நடந்ததோ, அது வேறு வழியில் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் லேபிள் சட்டம் 2016 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வர, அதே மாதக் கடைசியில் நாடு முழுமைக்கும் ஒரே விதி என்ற மத்தியச் சட்டம் கையெழுத்தானது. மாநிலச் சட்டங்கள் அதற்குள் அடங்கிப்போயின. க்யூஆர் குறியீட்டையும் அனுமதிக்கும், பலர் நீர்த்துப்போனது என்று குறைசொன்ன அந்த விதி 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். தண்டம் உறுதியானதும் அதே ஆண்டில்தான்.

மறுபடி நடந்தால் எதை மாற்ற வேண்டும்

சங்கம் நடத்துபவர்களுக்கு முதலில். குறிப்பிட்ட வாக்கெடுப்பை மனதில் வைத்துத் தனியாக வசூலிக்கத் தொடங்கிய நாளே பதிவு செய்ய வேண்டிய நாள். வெளி மாநிலத்தில் அலுவலகம் இருக்கிறது, நாங்கள் அரசியல் கட்சி அல்ல, எங்களுக்கு வேறு பணிகளும் உண்டு என்பவை உதவவில்லை. அந்த மாநிலத் தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஏற்பாடு முழுவதையும், நோக்கத்தையும் சேர்த்து, முன்கூட்டியே காட்டியிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு 1.8 கோடியில் ஒரு சிறு துளிகூட ஆகியிருக்காது.

அமலாக்கத்தில் மாற வேண்டியது வேகம். இரண்டு நாளில் பெயர்கள் வந்ததற்குக் காரணம் அட்டர்னி ஜெனரல் தானே களத்தில் இறங்கியது. ஆனால் பணம் வசந்த காலத்திலேயே சேரத் தொடங்கிவிட்டது. லேபிளை ஆதரித்த குழுவினர் வரும்வரை காத்திராமல், தேர்தல் நிதிக் கணக்கைச் சரிபார்க்கும் மாநில ஆணையமே கோடையில் அந்தச் சங்கத்திடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: இவ்வளவு பெரிய தொகை உங்கள் சந்தாவிலிருந்தா, தனி வசூலிலிருந்தா?

சட்டத்தில் சில மாற்றங்கள் ஏற்கனவே நடந்துவிட்டன. 2018-இல் நிறைவேறி 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அரசியலை முதன்மைப் பணியாகக் கொள்ளாத லாபநோக்கற்ற அமைப்பும் ஆண்டுக்கு 25,000 டாலருக்கு மேல் தேர்தலில் செலவழித்தால், தனக்கு 10,000 அல்லது அதற்கு மேல் கொடுத்தவர்களில் முதல் பத்துப் பேரைச் சொல்ல வேண்டும். அடுத்து வந்த மாற்றம் விளம்பரத்தைப் பற்றியது. முதல் ஐந்து கொடையாளர்களில் ஓர் அரசியல் குழு இருந்தால், அந்தக் குழுவுக்குக் கொடுத்த பெரிய கைகள் மூவரின் பெயரும் சேர வேண்டும்.

இவை பணம் கொடுத்தவருக்குப் பின்னால் ஒரு படி மட்டுமே பார்க்கின்றன. கலிபோர்னியாவில் 2012-இல் வேறு இரண்டு முன்மொழிவுகளுக்காக அரிசோனா அமைப்பொன்று கொடுத்த பணமும் தற்செயலாக 1.1 கோடி டாலர்தான். மாநில உச்ச நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை உத்தரவிட, தேர்தலுக்கு முந்தைய நாள் மூலம் வெளியானது. அரிசோனா அமைப்புக்குக் கொடுத்தது இன்னொரு அமைப்பு. அதற்குக் கொடுத்தது மூன்றாவது ஒன்று. மூன்றும் தங்கள் கொடையாளர்களைச் சொல்லக் கடமைப்படாதவை. வாக்காளர் கண்டது முகமூடிக்குப் பின்னால் முகமூடி. மறு ஆண்டு 10 லட்சம் டாலர் தண்டத்தோடு அந்த விவகாரம் முடிந்தது. வாஷிங்டன் விதி அந்தச் சங்கிலியில் முதல் கண்ணியைப் பிடித்திருக்கும், மூன்றாவதைப் பிடித்திருக்காது.